சிறுவர் படத்துக்குக் கதை எழுதுகிறவர்கள் சறுக்கும் இடங்கள்

முடிச்சை அவிழ்க்கும் வேலையைப் பெரியவர்களிடம் கொடுப்பதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு. பத்து வயதுச் சிறுமியின் நாய்க்குட்டி தொலைந்துபோகிறது. தெருத்தெருவாகத் தேடுகிறாள். கடைசியில் மாமா நாலு பேருக்குப் போன் போட்டுக் கண்டுபிடித்துக் கொடுக்கிறார். அதுவரை அவளோடு ஓடிவந்த குழந்தைகளுக்கு அந்த இடத்தில் படத்தின் மேலிருந்த பிடிப்பு விட்டுப்போகும். மாமா வரட்டும், போனும் போடட்டும். ஆனால் மழை பெய்தால் குட்டி மளிகைக்கடை பெஞ்சுக்கு அடியில்தான் ஒதுங்கும் என்பது அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அந்தப் பெஞ்சை முதல் ஐந்து பக்கத்துக்குள் ஒரு தடவை காட்டிவிடுங்கள். இல்லையென்றால் குட்டி ஏதோ அதிர்ஷ்டத்தில் கிடைத்ததாக ஆகிவிடும்.

அடுத்தது வசனம். ஆறு வயதுப் பிள்ளை, "பொய் சொல்வது தவறு அப்பா" என்று பேசாது. "நான் உடைக்கல... கை பட்டுச்சு" என்றுதான் இழுக்கும். உடைந்த கண்ணாடி டம்ளரை அது ஸ்கூல் பையில் ஒளிப்பதைக் காட்டினால் அறிவுரைக்கு வேலையே இல்லை. எழுதியதை வாய்விட்டுப் படியுங்கள்; உங்களுக்கே மூச்சு வாங்கும் வரி குழந்தைக்கு வரவே வராது.

டிவி அனிமேஷனில் 11 நிமிட எபிசோடு என்றால் ஒரே சிக்கல்தான் தாங்கும். முதல் நிமிடத்திலேயே அது தெரிந்துவிட வேண்டும். வசனத்தை மட்டும் எழுதி, "துரத்துகிறார்கள்" என்று ஒரு வரியில் விட்டுவிடாதீர்கள். எதில் ஏறினார்கள், எதில் இடறினார்கள் என்று நீங்கள் எழுதாததை ஸ்டோரிபோர்டு (காட்சிகளை வரிசையாகப் படங்களாக வரைந்து காட்டுவது) வரைகிறவர்தான் கற்பனை செய்ய வேண்டியிருக்கும். "ஊரே திருவிழாவுக்குத் திரண்டது" என்பதும் உங்களுக்கு ஒரு வரி. கூட்டத்தில் ஒவ்வொரு முகத்தையும் யாரோ வடிவமைத்தாக வேண்டும்.

படப்பிடிப்பை மறந்து எழுதுவதும் உண்டு. இந்தியாவில் குழந்தை நடிகர்கள் ஒரு நாளைக்கு 5 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யக் கூடாது. ஓய்வில்லாமல் 3 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. எல்லாக் காட்சியிலும் குழந்தை இருந்தால் நாட்கள் இழுத்துக்கொண்டே போகும். அம்மா, தாத்தா, பக்கத்து வீட்டுக்காரருக்குக் கதைக்குத் தேவையான தனிக் காட்சிகள் வையுங்கள். அதே நாளில் மீதி நேரத்தில் எடுத்துக்கொள்வார்கள்.

ஒன்லைனை, அதாவது கதையின் ஒரு வரிச் சுருக்கத்தை, தயாரிப்பாளரிடம் வாயால் மட்டும் சொல்லிவிட்டு வருவது வேண்டாம். வெறும் யோசனைக்குப் பதிப்புரிமை கிடையாது, எழுதியதற்குத்தான் உண்டு. சுருக்கத்தையாவது எழுதித் தேதியோடு மின்னஞ்சலில் அனுப்புங்கள். ஒப்பந்தத்தில் உங்கள் கதையின் உரிமையை எத்தனை ஆண்டுக்குக் கொடுக்கிறீர்கள் என்று பாருங்கள். குறிப்பிடாவிட்டால் சட்டப்படி அது 5 ஆண்டுதான். தியேட்டருக்கு வெளியே படம் ஓடும்போது வரும் ராயல்டியில் எழுத்தாளரின் பங்கை விட்டுக்கொடுக்கவே முடியாது என்று 2012-ல் பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்தியிருக்கிறார்கள். "எல்லா உரிமையும் தந்துவிட்டேன்" என்ற வரியில் கையெழுத்துக் கேட்டால், இதைச் சொல்லி அந்த வரியை மாற்றச் சொல்லுங்கள்.