சவாரிப் பெட்டைக்குதிரையின் முரண்டுக்குச் சினைப்பருவம்தான் காரணமா? கண்டறியும் முறை

சேண வாரை இறுக்கும்போது பெட்டைக்குதிரை கடிக்க வந்தாலும், காலால் அணைத்தவுடன் வாலை விசிறிக்கொண்டு நகர மறுத்தாலும், தென்னாப்பிரிக்காவின் டர்பன் சுற்றுவட்டார லாயங்களில் முதலில் காதில் விழும் சொல் ‘ஹார்மோன்’ என்பதுதான். என் குதிரையின் முரண்டுக்குக் காரணம் தேடியபோது நான் பின்பற்றிய வரிசையை, பந்தயத்திலிருந்து ஓய்வுபெற்ற பெட்டைக்குதிரையை முதன்முறையாக வாங்கியிருப்பவர்களுக்காக இங்கே எழுதுகிறேன். சேணம் பூட்டவும் குதிரையின் உடல்வெப்பம் பார்க்கவும் உங்களுக்குத் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன்.

படி 1: நாட்காட்டி

குதிரையின் நடத்தையை நாள்தோறும் குறித்துவைக்கும் கைப்பேசிச் செயலிகளில் எனக்கு நம்பிக்கையில்லை. தீனி போடுபவர், லாயம் கூட்டுபவர், சவாரி செய்பவர் என எல்லோரும் எழுதும்படி, கோயிலில் தரும் தாள் நாட்காட்டியைத் தீனி அறையில் மாட்டிவிடுங்கள். சவாரி செய்யாத நாளிலும் குறிப்பு இருக்க வேண்டும். சினைச்சுழற்சி ஏறத்தாழ 21 நாட்கள். அதில் 5 முதல் 7 நாட்கள் வரை சினைப்பருவம். முரண்டு இந்த இடைவெளியில் திரும்பத் திரும்ப வருகிறதா என்பதை அறிய இரண்டு மூன்று சுழற்சிகளுக்கான குறிப்பாவது தேவை.

இந்தியாவில் அச்சான கால்நடை நூல்களைப் பார்த்து இங்கே மாதத்தை எண்ணாதீர்கள். பகல் நீளும் காலத்தில்தான் குதிரையின் சினைப்பைகள் இயங்கும் என்பதால், தென்கோளத்தில் இருக்கும் நமக்கு ஆடி மாதம் அவை பெரும்பாலும் ஓய்ந்திருக்கும் குளிர்காலம். தைப்பூசக் காவடி எடுக்கும் நாட்களோ சுழற்சி ஒழுங்காக நடக்கும் காலம். இடைப்பட்ட ஆவணி, புரட்டாசியில் முட்டை வெளிப்படாமலேயே சினைப்பருவ அறிகுறிகள் வாரக்கணக்கில் நீளலாம். அந்த இரண்டு மாதக் குறிப்பை மட்டும் வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள். சில குதிரைகள் குளிர்காலத்திலும் சுழற்சியை நிறுத்துவதில்லை என்பதையும் நினைவில் வையுங்கள்.

படி 2: அறிகுறிகளை இனம் பிரித்தல்

அதிகம் தடுமாற வைக்கும் இடம் இதுதான். என்னையும் இதுவே நெடுநாள் குழப்பியது. உண்மையான சினைப்பருவத்தில் உள்ள பெட்டை, ஆண் குதிரையின் அருகில் இணக்கமாக நிற்கும். வாலை ஒரு பக்கமாகத் தூக்கும். பின்னங்கால்களை அகட்டிச் சிறிது சிறிதாகச் சிறுநீர் விடும். பெண்குறியின் இதழ்களைத் திறந்து திறந்து மூடும். காதுகளை முற்றிலும் பின்னுக்கு மடக்கி, வாலைச் சாட்டைபோல் வீசி, கீச்சிட்டு உதைக்கும் பெட்டையோ பெரும்பாலும் சினைப்பருவத்தில் இல்லை. ஆண் குதிரையை அது விரட்டுகிறது. நாம் ‘பருவக் கோபம்’ என்று சொல்லும் குணங்களில் பல இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தவை. அதே குணங்கள் வலியாலும் வரும். சேணத்தைக் கண்டவுடன் சிறுநீர் விடுவது அச்சத்தின் அறிகுறியாகவும் இருக்கலாம்.

ஆகவே நாட்காட்டியில் ‘பருவம்’ என்று எழுதாமல், கண்டதை மட்டும் எழுதுங்கள்: வால் தூக்கியதா, வீசியதா? காது எப்படி இருந்தது? அருகில் எந்தக் குதிரை நின்றது? பொலிகுதிரை இல்லாத லாயத்தில், காயடித்த குதிரை ஒன்றை வேலிக்கு அப்பால் நிறுத்திப் பார்த்தாலும் ஓரளவு தெரியும்.

படி 3: கையால் தேடுதல்

மருத்துவரை அழைக்கும் முன் மடியின் இரு காம்புகளுக்கும் நடுவே விரலால் தடவிப் பாருங்கள். அங்கே கறுத்த பிசுபிசுப்பான அழுக்கு சேர்ந்து அரிப்பைத் தரும். வெதுவெதுப்பான நீரே போதும், சோப்பு வேண்டாம். நம் குவாசூலு-நாட்டால் மாகாணத்தின் கோடையில் வாலடியிலும் மடியோரத்திலும் உண்ணிகள் ஒட்டிக்கொள்கின்றன. உடல்வெப்பம் 38.5 பாகையைத் தாண்டினால் உண்ணிக் காய்ச்சலை நினைத்து உடனே மருத்துவரை அழையுங்கள். சேணப் பொருத்தம், முதுகு வலி, நொண்டல், பல், இரைப்பைப் புண் ஆகியவற்றையும் பார்த்தாக வேண்டும்.

படி 4: மருத்துவரிடம் கேட்க வேண்டியவை

நாட்காட்டியைக் கையில் கொடுங்கள். முரண்டு உச்சத்தில் இருக்கும் நாளில் ஒருமுறை, அடங்கிய நாளில் ஒருமுறை என மலக்குடல் வழி அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் எடுத்தால்தான் ஒப்பிட முடியும். பெட்டை பொலிகுதிரையைப்போல் நடந்தாலோ, சுழற்சியே நின்றாலோ, ஓயாத பருவத்தில் இருந்தாலோ, சினைப்பையில் வளரும் கிரானுலோசா செல் கட்டியைச் சந்தேகிப்பார்கள். இதில் பெரும்பாலும் ஒரு சினைப்பை பெருத்திருக்கும். மற்றது சுருங்கி ஓய்ந்திருக்கும். இரத்தத்தில் இன்ஹிபின், டெஸ்டோஸ்டிரோன் போன்ற ஹார்மோன்களை அளந்து உறுதிசெய்வார்கள். பெருத்த சினைப்பையை அறுவை செய்து அகற்றுவதே இதற்கான சிகிச்சை.

படி 5: மருந்துச் சோதனை

முரண்டும் சுழற்சியும் ஒத்துப்போனால், சினைப்பருவத்தை அடக்கும் ஹார்மோன் மருந்தான ஆல்ட்ரெனோஜெஸ்ட் திரவத்தை மருத்துவர் நாள்தோறும் வாய்வழியே தரச் சொல்லலாம். பெரும்பாலான குதிரைகளில் மூன்று நாட்களுக்குள் சினைப்பருவம் அடங்கிவிடும். அடங்கிய பிறகும் முரண்டு அப்படியே இருந்தால், சினைப்பையை விட்டுவிட்டு முதுகையும் வயிற்றையும் தேடுங்கள். முரண்டு குறைந்தாலும், சினைப்பருவம்தான் காரணம் என்று அவசரப்பட்டு முடிவுசெய்ய வேண்டாம். இம்மருந்து சில குதிரைகளைப் பொதுவாகவே அமைதிப்படுத்தும்.

பிற்சேர்க்கை: பீட்டர்மரிட்ஸ்பர்க் வாசகி ஒருவர் கேட்ட பிறகே, கையுறையைக் குறிப்பிடாமல் விட்டது தெரிந்தது. ஆல்ட்ரெனோஜெஸ்ட் மனிதத் தோல் வழியாகவும் உடலுக்குள் செல்லும். பெண்களின் மாதவிடாயைக் குலைக்கும். கருவுற்ற பெண்கள் அதைத் தொடவே கூடாது. லேட்டெக்ஸ் கையுறை அதைத் தடுக்காது. நைட்ரைல் அல்லது வினைல் கையுறையே வேண்டும். சிந்திய துளியைச் சோப்பும் நீரும் கொண்டு உடனே கழுவுங்கள்.

மற்றுமொரு சேர்க்கை: சினைப்பருவத்தை அடக்கக் கருப்பைக்குள் கண்ணாடிக் குண்டு வைக்கும் பழைய வழக்கத்தைப் பலர் விசாரித்தார்கள். அது எல்லாக் குதிரைகளிலும் பலிப்பதில்லை. குண்டு உள்ளேயே உடையவோ கருப்பையைக் கெடுக்கவோ கூடும். நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். ஏற்கெனவே யாரேனும் வைத்திருக்கிறார்களா என்று தெரியாத குதிரையை வாங்கியிருந்தால், முதல் ஸ்கேனிலேயே அதையும் பார்க்கச் சொல்லுங்கள்.