லூனி ஆற்றுப் படுகை மண்: விதைக்கும் முன் வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனைகள்

ஜோத்பூருக்கு வேலை நிமித்தம் வந்த பிறகு, லூனி ஆற்றங்கரை ஊரான பாலோத்ராவுக்குக் கீழே நண்பர் ஒருவர் குத்தகைக்கு எடுத்த நிலத்தின் மண்ணைப் பார்த்துச் சொல்லும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. கோதுமை நன்றாக முளைக்கும், ஒரு சாண் வளரும், பிறகு திட்டுத் திட்டாகக் கருகும். தண்ணீர் கூடுதலாக விட்டால் இன்னும் மோசமாகும். காரணம் பிடிபட்டுவிட்டது. அதே ஆற்றங்கரையிலோ வேறு பாலைவன ஆற்றின் கரையிலோ நிலம் வைத்திருப்பவர்களுக்காக, செய்த சோதனைகளை வரிசையாக எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. காவிரி வண்டலை மனத்தில் வைத்துக்கொண்டு இந்த மண்ணைப் பார்க்காதீர்கள். லூனி அஜ்மீர் அருகே ஆரவல்லி மலையில் பிறந்து, தார் பாலைவனத்தின் ஓரமாக ஏறத்தாழ 500 கி.மீ. ஓடி, கடலை எட்டாமல் கட்ச் ரண் என்ற உப்புச் சதுப்பில் அடங்கிவிடுகிறது. மழைக்காலம் தவிர மற்ற நாட்களில் அது வெறும் மணல் தடம்தான். பாலோத்ரா வரை ஓரளவு நல்ல நீர், அதற்குக் கீழே உப்பு நீர். மண்ணில் மட்கு மிகக் குறைவு, சுண்ணாம்பு அதிகம், நிறம் வெளிறியது. பெய்யும் மழையைவிட ஆவியாகும் நீர் பல மடங்கு என்பதால் உப்பு கீழே இறங்காமல் மேலே ஏறுகிறது.

படி 1: குழி வெட்டுங்கள்

மேல்மண்ணை ஒரு கைப்பிடி அள்ளிச் சோதிப்பதில் பயனில்லை. வேகமாக வரும் வெள்ளம் பருமணலைப் போடுகிறது. அதே வெள்ளம் தேங்கி நிற்கும்போது களி படிகிறது. அடுத்த கோடையில் காற்று மேட்டு மணலை மேலே கொட்டுகிறது. ஆகவே ஒரே வயலில் மணல், களி, வண்டல், மறுபடி மணல் என்று அடுக்கடுக்காக இருக்கும்.

மண் துளைப்பானை நான் பரிந்துரைக்க மாட்டேன். அது அடுக்குகளைக் கலக்கிவிடும். விரல் தடிமனுள்ள களி அடுக்கு அதில் தெரியவே தெரியாது. கடப்பாரையும் மண்வெட்டியும் போதும். ஒரு மீட்டர் ஆழத்துக்கு வெட்டி, நிழல் விழாத பக்கத்தைக் கத்தியால் சீவி, லேசாக நீர் தெளியுங்கள். அடுக்குகள் பளிச்சென்று தெரியும். ஒவ்வொன்றிலிருந்தும் தனித்தனிப் பையில் மண் எடுங்கள்.

களி அடுக்கு நீரைத் தடுக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். 2006 ஆகஸ்டில் பார்மேர் மாவட்டத்துக் காவாஸ் கிராமத்தில் வெள்ளம் வடியாமல் நின்றதற்கும் அடியில் நீர் இறங்காத அடுக்கு இருந்ததே காரணம். ஆனால் நுண்மண்ணுக்குக் கீழே இருக்கும் பருமணலும் நீரைத் தடுக்கும். மேலடுக்கு ஏறக்குறைய முழுதும் நனைந்த பிறகே நீர் மணலுக்குள் இறங்கும். அந்த எல்லைக்கோட்டில் வேர்கள் பக்கவாட்டில் திரும்பியிருக்கின்றனவா என்று பாருங்கள்.

படி 2: சுண்ணாம்பு

எலுமிச்சைச் சாறு நான்கு சொட்டு. பொங்கினால் சுண்ணாம்பு உண்டு. லூனிக் கரையில் பெரும்பாலும் பொங்கும். சுக்கான்கல் துண்டுகளும் கிடைக்கும். இளம் இலைகள் நரம்பு மட்டும் பச்சையாக இருந்து மஞ்சளானால், இரும்புச் சத்து மண்ணில் இருந்தும் பயிருக்கு எட்டவில்லை என்று பொருள். அவ்வளவுதான், மேலே போகலாம்.

படி 3: பாட்டில் சோதனை

இந்தப் படியில்தான் பலரும் வழுக்குகிறார்கள். என்னையும் மிக நீண்ட நேரம் குழப்பியது இதுவே, எனவே விரிவாகவே எழுதுகிறேன்.

வழக்கமான முறை உங்களுக்குத் தெரிந்திருக்கும். கண்ணாடிப் பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு மண், மீதி நீர், நன்றாகக் குலுக்கி வைப்பது. ஒரு நிமிடத்தில் மணல் படியும், இரண்டு மணி நேரத்தில் வண்டல், களி படிய ஓரிரு நாள். அடுக்குகளின் உயரத்தை அளந்து விகிதம் கணக்கிடுவது.

உவர் மண்ணில், அதாவது கரையும் உப்பு மிகுந்த மண்ணில், இந்தக் கணக்கு பொய் சொல்லும். நீரில் கரைந்த உப்பு களித் துகள்களை ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாக்கிவிடும். கட்டியானவை வண்டலைப் போலச் சீக்கிரம் படியும். அரை மணி நேரத்தில் நீர் தெளிந்துவிடும், "இந்த மண்ணில் களியே இல்லை, நல்ல வண்டல்" என்று முடிவுகட்டத் தோன்றும். விரலால் நனைத்து உருட்டிப் பார்த்தால் அதே மண் நீளமான நாடாவாக வரும். இரண்டும் முரண்பட்டால் விரலை நம்புங்கள்.

சரியான முறை இது: மண்ணை ஆர்.ஓ. நீரில் கலக்கி, படியவிட்டு, மேல்நீரைக் கொட்டுங்கள். தெளிந்த நீர் வருவது நிற்கும்வரை திரும்பத் திரும்பச் செய்யுங்கள். கடைசிக் கலக்கலில் ஒரு தேக்கரண்டி சோடியம் ஹெக்சாமெட்டாபாஸ்பேட் சேர்த்து இரவு முழுவதும் ஊறவிட்டுக் குலுக்குங்கள். களித் துகள்கள் மறுபடி ஒட்டாமல் பிரித்து வைப்பது இது; ரசாயனக் கடைகளில் கிடைக்கும். நுரைக்கும் சலவைத் தூளைப் போடச் சொல்பவர்கள் உண்டு; நுரையில் அளவுகோடு தெரியாது, வேண்டாம்.

கழுவும்போது நடப்பதைக் கவனியுங்கள். முதல் இரண்டு கழுவலில் நீர் கண்ணாடி போலத் தெளிகிறது. உப்பு போகப் போக, நீர் பால்போலக் கலங்கி நாட்கணக்கில் தெளியாமல் நிற்கிறது. அப்படியானால் உங்களிடம் இருப்பது உவர் மட்டும் அல்ல, களரும்தான், அதாவது களியில் சோடியம் ஒட்டியிருக்கும் மண். நண்பரின் வயலில் தண்ணீர் கூடுதலாக விட்டபோது நேர்ந்ததும் இதுவே. நல்ல நீர் உப்பைக் கழுவியது. சோடியம் மட்டும் மண்ணில் தங்கியது. களி சிதறித் துளைகளை அடைத்தது. மேலே ஓடு போன்ற பொருக்குக் கட்டியது.

படி 4: உப்பின் அளவு

ஒரு பங்கு உலர்ந்த மண், இரண்டு பங்கு ஆர்.ஓ. நீர். குலுக்கி, அரை மணி நேரம் வைத்து, மின்கடத்துதிறன் பேனாவை (நீரில் உப்பு கூடக் கூட அதிக எண் காட்டும் சிறு கருவி) முக்குங்கள். டி.டி.எஸ். (நீரில் கரைந்த பொருட்களின் மொத்த அளவு) மட்டும் காட்டும் கருவியை வாங்காதீர்கள். அதுவும் உள்ளே அளப்பது மின்கடத்துதிறனைத்தான், அதை 0.5 அல்லது 0.7 ஆல் பெருக்கிக் காட்டுகிறது, எதால் பெருக்கியது என்று சொல்வதில்லை. மண்ணில் குத்தினால் ஈரம், வெளிச்சம், கார அமில நிலை மூன்றையும் காட்டும் என்று விற்கப்படும் கருவியைக் குழந்தைகளுக்கு விளையாடக் கொடுக்கலாம்.

ஆய்வகங்கள் மண்ணைக் குழம்பாக்கி அதிலிருந்து பிழிந்த நீரை அளக்கின்றன. அதில் மின்கடத்துதிறன் மீட்டருக்கு 4 டெசிசீமன்ஸ் (அதன் அலகு) தாண்டினால் உவர் மண். நம் கரைசல் அதைவிட நீர்த்தது என்பதால் நம் எண் குறைவாகவே வரும். எனவே "2 தானே வந்தது" என்று நிம்மதி அடைய வேண்டாம். அடுக்குகளுக்கிடையே ஒப்பிட மட்டும் அதைப் பயன்படுத்துங்கள்.

படி 5: என்ன செய்வது, என்ன போடுவது

உவர் மட்டும் என்றால் நீர் விட்டுக் கழுவலாம். களரும் சேர்ந்திருந்தால் முதலில் ஜிப்சம், பிறகுதான் நீர். வரிசை மாறக் கூடாது. ஜிப்சத்தின் கால்சியம் களியிலிருந்து சோடியத்தை விரட்டும். அதன் பிறகு நீர் அதை இழுத்துச் செல்லும். இந்தியாவின் ஜிப்சத்தில் பெரும்பகுதி ராஜஸ்தானில்தான் கிடைக்கிறது, ஆகவே இங்கே பெரிய செலவில்லை. எவ்வளவு போடுவது என்பதை மட்டும் ஆய்வகத்தில் கேளுங்கள், மனக்கணக்குப் போடாதீர்கள்.

கழுவும் நீருக்கு ஒரு கணக்கு: ஓரடி ஆழ மண்ணின் உப்பில் பெரும்பகுதி போக, ஏறத்தாழ ஓரடி நீர் அதன் வழியே இறங்க வேண்டும். இந்த வட்டாரத்தின் ஆண்டு மழையே கிட்டத்தட்ட அவ்வளவுதான், அதிலும் பெரும்பகுதி ஆவியாகப் போகும். ஆகவே வெள்ளத்தை வரப்புக் கட்டித் தேக்குவதே நடைமுறை. கரை தாண்டிப் பரவும் லூனி வெள்ளத்தை ஊர்க்காரர்கள் 'ரேல்' என்கிறார்கள். அது வடிந்த ஈரத்தில் கோதுமையும் பார்லியும் விளைவிப்பது பழைய வழக்கம். ஜைசல்மேர் பக்கம் பாலிவால் சமூகத்தார் மழைநீரைத் தேக்கக் கட்டிய 'கடீன்' வரப்புகளும் இதே வேலையைத்தான் செய்கின்றன.

பயிர்த் தேர்வில் என் விருப்பம் வெளிப்படையானது. உப்பு மிச்சமிருக்கும் திட்டுகளில் பார்லி, கடுகு. கோதுமைதான் வேண்டுமென்றால் கார்ச்சியா வகை. பாலி மாவட்டத்து உவர் நிலங்களில் பிறந்த நாட்டுக் கோதுமை அது. கர்னாலில் உள்ள மத்திய உவர் மண் ஆராய்ச்சி நிறுவனம் வெளியிட்ட கே.ஆர்.எல். வகைகளில் சிலவற்றுக்கு மூதாதையும் அதுவே. கொண்டைக்கடலை உப்பைத் தாங்காது, அதை மேட்டு மண்ணில் வையுங்கள். களர் குறைந்து வரும் நிலத்தில் மழைக்காலத்தில் தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுங்கள், மட்குக்கு அதுவே மலிவான வழி. ஓரங்களில் இலந்தையும் உகாயும். வன்னி மரம் இருந்தால் கை வைக்காதீர்கள். சீமைக் கருவேலம் இங்கேயும் உண்டு. அதைப் பற்றி நம்மவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

பின்சேர்க்கை

வாசகர் ஒருவர், ஜிப்சம் போட்ட பிறகு பேனா 2-க்கு மேல் காட்டுவதாகப் பதறி எழுதியிருந்தார். ஜிப்சம் நீரில் கரையும் மட்டும் கரைந்தாலே ஏறத்தாழ 2.2 டெசிசீமன்ஸ் காட்டும். அது பயிரைக் கருக்காது. ஜிப்சம் போடும் முன் எடுத்த அளவைக் குறித்து வைத்திருந்தால் இந்தக் குழப்பம் வராது.

இன்னொருவர் சாயக் கழிவு பற்றிக் கேட்டார். பாலி, பாலோத்ரா, ஜோத்பூர் துணிச் சாயத் தொழிலின் கழிவுநீர் லூனியிலும் அதன் துணையாறுகளிலும் கலப்பது நெடுநாள் பிரச்சினை. மேலே சொன்ன எந்தச் சோதனையும் அதைக் காட்டாது. அந்த நீர் பாய்ந்த நிலமாக இருந்தால் கன உலோகங்களுக்கான ஆய்வகச் சோதனை முடியும்வரை காய்கறி போடாதீர்கள்.