நட்பாகப் பழகும் தெருப்பூனை சினையா, பாலூட்டுகிறதா? கதவைச் சாத்துவதற்கு முன் செய்ய வேண்டியவை

கொழும்பு வெள்ளவத்தையில் நாங்கள் குடியிருக்கும் தொடர்மாடியின் வாகனத் தரிப்பிடத்துக்கு ஒரு சாம்பல் வரிப்பூனை வந்து, போவோர் வருவோரின் கால்களில் உரசத் தொடங்கியது. வயிறு இருபுறமும் தளர்ந்து தொங்கியதைக் கண்டதும் அது சினைப்பூனை என்று தீர்மானித்துவிட்டேன். அன்று மாலை கடும் மழை. அதைத் தூக்கி வந்து, எங்கள் வீட்டுப் பின்னறையில் பழைய பாயொன்றை விரித்து, உணவும் தண்ணீரும் வைத்துக் கதவைச் சாத்தினேன். இரவு முழுவதும் அது கதவைப் பிறாண்டிக் கத்தியது. பிரசவ வேதனை தொடங்கிவிட்டது என்று எண்ணி விடியும்வரை விழித்திருந்தேன். காலையில் வந்து பார்த்த கீழ்மாடி அன்ரி பாயைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "பிள்ளை, இது வயித்தோடை நிக்கிற பூனை இல்லை, பெத்த பூனை. பாயைப் பார், பால் ஊறிக் கிடக்குது" என்றார். கதவைத் திறந்ததும் அது படிகளில் பாய்ந்து இறங்கி, நீர்ப்பம்பி அறையின் பின்புறம் மறைந்தது. அங்கே மூன்று குட்டிகள், உடல் குளிர்ந்து கிடந்தன. இரண்டு பிழைத்தன, மூன்றாவது மறுநாள் இறந்தது. அந்த ஓர் இரவுதான் காரணம் என்று உறுதியாகச் சொல்ல முடியாவிட்டாலும், அதை என்னால் மறக்க முடியவில்லை. ஆகவே கீழே எழுதியிருப்பவற்றில் இரண்டாவது படியை மட்டுமாவது முழுமையாக வாசித்துவிடுங்கள்.

முதலாவது படி: யாருடைய பூனை என்று பாருங்கள்

மனிதரிடம் தானாக வந்து உரசும் பூனை பெரும்பாலும் எங்கோ ஒரு வீட்டில் வளர்ந்தது, அல்லது இன்னமும் வளர்கிறது. ஒரு விரல் அகலமுள்ள கடதாசிக் கீற்றில் "இது உங்கள் பூனையா? குட்டி இருக்கிறதா? தயவுசெய்து அழையுங்கள்" என்று எழுதி, உங்கள் தொலைபேசி இலக்கத்தையும் சேர்த்து, கழுத்தில் தளர்வாகச் சுற்றி, சிறு துண்டு ஒட்டுநாடாவால் ஒட்டிவிடுங்கள். இழுத்தால் உடனே கிழியக்கூடிய கடதாசியாகவே இருக்க வேண்டும். நூலோ றிபனோ கட்டினால் மதிலிலோ கிளையிலோ சிக்கி உயிருக்கே ஆபத்தாகும். கொழும்பில் இதைத் தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் எழுதுவது அவசியம், ஏனெனில் பூனை எந்த வீட்டுக்குப் போகிறது என்பது நமக்குத் தெரியாது. மூன்று நாள் காத்திருந்தால் போதும்.

காதையும் கவனியுங்கள். நுனி நேராக வெட்டப்பட்டிருந்தால், அல்லது ஓரத்தில் ஒழுங்கான சிறு முக்கோண வெட்டு இருந்தால், அந்தப் பூனைக்கு ஏற்கனவே கருத்தடைச் சத்திரசிகிச்சை நடந்திருக்கும். சண்டையில் கிழிந்த காது ஒழுங்கில்லாமல் இருக்கும்.

இரண்டாவது படி: சினையா, ஈன்றதா என்று தெரிந்துகொள்ளுங்கள்

இதைத் தெரிந்துகொள்ளாமல் பூனையை எந்த அறையிலும் அடைக்காதீர்கள், கூட்டில் ஏற்றி வைத்தியரிடம் கொண்டு போகாதீர்கள். பூனையின் சினைக்காலம் ஏறத்தாழ 63 முதல் 65 நாட்கள். சினையுற்று மூன்று வாரமளவில் முலைக்காம்புகள் இளஞ்சிவப்பாகிப் பருக்கும். ஐந்தாவது வாரத்துக்குப் பின்னரே வயிறு வெளியில் தெரியும். சினை வயிறு உருண்டு, இறுகி, மேலிருந்து பார்த்தால் இடுப்புக்கு முன்னால் இருபுறமும் புடைத்திருக்கும். ஈன்ற பூனையின் வயிறோ காற்றுப் போன பை போலத் தளர்ந்து, நடக்கும்போது ஆடும். நான் ஏமாந்தது இந்தத் தொங்கலில்தான். வயிற்றில் புழு நிறைந்த பூனைக்கும் வயிறு ஊதியிருக்கும் என்பதால், வயிற்றை மட்டும் நம்பவே கூடாது. அழுத்திப் பார்ப்பதும் கூடாது. உள்ளிருக்கும் குட்டிகளுக்கு அது தீங்கு.

நம்பக்கூடியது முலைக்காம்பு. பாலூட்டும் பூனையின் காம்புகள் நீண்டு இழுபட்டிருக்கும். குட்டிகள் முகத்தை வைத்து அழுத்திக் குடிப்பதால் ஒவ்வொரு காம்பையும் சுற்றி மயிர் தேய்ந்து வட்டமாகத் தோல் தெரியும். அதற்கப்பால் உள்ள மயிர் எச்சில் காய்ந்து சிறு சிறு திரிகளாக ஒட்டியிருக்கும். சினைப்பூனைக்குக் காம்பு சிவந்திருந்தாலும் சுற்றியுள்ள மயிர் பெரும்பாலும் குலையாமல் இருக்கும். பிரசவத்துக்கு ஓரிரு நாள் முன்னரே பால் கசியலாம் என்பதால், பாலைக் கண்டதும் ஈன்றுவிட்டது என்று முடிவுசெய்யாமல் மயிர் வட்டத்தையும் சேர்த்துப் பாருங்கள்.

பிடித்துப் புரட்டாமல் இதைப் பார்க்க எனக்குக் கைகொடுத்த வழி ஒன்று உண்டு. கைபேசியைக் காணொளிப் பதிவில் போட்டு, கமரா மேல்நோக்கி இருக்கும்படி தரையில் வைத்து, அதன் இருபுறமும் சிறிது உணவை வைத்தால், பூனை ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கத்துக்குக் கைபேசியைக் கடந்து போகும். பிறகு ஆறுதலாக நிறுத்தி நிறுத்திப் பார்க்கலாம். எங்கள் வரிப்பூனையை இப்படி ஒரு முறை படம்பிடித்திருந்தால், பின்புறத்து நான்கு காம்புகளைச் சுற்றியிருந்த மொட்டை வட்டங்கள் அன்று மாலையே தெரிந்திருக்கும்.

நடத்தையும் சொல்லும். பாலூட்டும் தாய் அவசர அவசரமாக உண்டு, மிச்சம் வைத்துவிட்டு ஒரே திசையில் திரும்பிப் போகும். சில மணி நேரத்தில் மீண்டும் பசியோடு வரும்.

மூன்றாவது படி: குட்டிகளைக் கண்டுபிடியுங்கள், ஆனால் தூக்காதீர்கள்

உணவு வைத்த பின் தூரத்தில் நின்று அது போகும் வழியைப் பாருங்கள். கூடவே நடந்தால் அது வேறு பக்கம் போய் உங்களை ஏமாற்றும். தொடர்மாடிகளில் நீர்ப்பம்பி அறை, படிக்கட்டின் அடி, கூரைக்கும் கூரைத்தட்டுக்கும் இடைப்பட்ட வெளி, நெடுநாள் ஓடாமல் நிற்கும் வாகனத்தின் அடி ஆகிய இடங்களை முதலில் பாருங்கள். காவலாளியிடமும் துப்புரவு செய்பவரிடமும் கேளுங்கள். அவர்களுக்குத் தெரியாத மூலை கட்டடத்தில் இருக்காது.

குட்டிகள் வயிறு நிறைந்து, சுத்தமாக, ஒன்றன்மேல் ஒன்று உறங்கினால் தாய் வந்து போகிறது என்று பொருள். அப்படியே விட்டுவிடுங்கள். தாய் இரை தேடிச் சில மணி நேரம் விலகியிருப்பது வழமை. இடைவிடாமல் கத்தினால், அழுக்காக இருந்தால், தொட்டால் குளிர்ந்தால் மட்டும் தலையிடுங்கள். அப்போதும் முதலில் சூடு, பிறகுதான் பால். வெந்நீர் நிரப்பிய போத்தலைத் துவாயில் சுற்றி, குட்டிகள் விரும்பினால் விலகிப் போக இடம் விட்டு, அருகில் வையுங்கள். குளிர்ந்த குட்டியால் பாலைச் செரிக்க முடியாது. ஊட்டினால் அது மூச்சுக்குழாய்க்குள் போகவும் கூடும். பசும்பாலும் பால்மாவும் வேண்டாம். குட்டிகளுக்கென்றே உள்ள பால்மாவை மிருக வைத்தியரிடம் கேட்டு வாங்குங்கள்.

மழைநீர் புகும் இடம், நாய் நடமாடும் இடம், வெள்ளவத்தை வாய்க்காலோரம் போலக் கபரக்கொய்யா (பெரிய நீருடும்பு) திரியும் இடம் என்றால் இடம் மாற்றத்தான் வேண்டும். தாயின் கண்முன்னே, குட்டிகளையும் பழைய விரிப்பையும் ஒன்றாகச் சேர்த்து, இயன்றவரை அருகிலேயே மாற்றுங்கள்.

நான்காவது படி: உணவு

பாலூட்டும் பூனை வழமையைப்போல் இரண்டு மூன்று மடங்கு உண்ணும். சினைக்கும் பாலூட்டலுக்கும், வளர்ந்த பூனைக்கான உணவைவிடக் குட்டிகளுக்கான உலர் உணவே சிறந்தது என்பது என் உறுதியான கருத்து, ஏனெனில் அதில் புரதமும் சக்தியும் அதிகம். அது கட்டுப்படியாகாவிட்டால், உப்பும் தூளும் போடாமல் அவித்த சாளை அல்லது கோழியைச் சிறிது சோற்றுடன் பிசைந்து கொடுங்கள். மீன்குழம்பு மிச்சத்தைக் கொடுக்கவே கூடாது: வெங்காயமும் உள்ளியும் பூனையின் சிவப்பணுக்களைச் சிதைக்கும். கருவாட்டில் உப்பு மிதமிஞ்சியிருக்கிறது. தாய்க்கும் பால் வேண்டாம், வயிற்றோட்டம் வரும், தண்ணீரே போதும். பிளாஸ்டிக்கைவிடத் தட்டையான எவர்சில்வர் தட்டை நான் விரும்புகிறேன், கழுவுவதும் எளிது, மீசைமயிரும் உரசாது.

சுகமில்லை என்று பனடோல் கொடுத்துவிடாதீர்கள்; ஒரு மாத்திரையே பூனையைக் கொல்லும். நாய்க்கான தெள்ளு மருந்துகள் பலவற்றில் பேர்மெத்ரின் இருக்கிறது, அதுவும் பூனைக்கு நஞ்சு.

ஐந்தாவது படி: சினை என்று உறுதியானால்

பூனை முழுதாக நீட்டிப் படுக்கக்கூடிய காட்போட் பெட்டி ஒன்றின் வாயை மூடி ஒட்டி, பக்கத்தில் ஒரு சாண் வாசல் வெட்டி, இரண்டு செங்கல்மேல் உயர்த்தி, மழை படாத ஒதுக்குப்புறத்தில் வையுங்கள். உள்ளே நூல் பிரியாத பழைய பருத்தித் துணி போதும். வெண்ணிற பினைல் ஊற்றித் துடைத்த தரையில் வைக்க வேண்டாம்.

பிரசவம் நெருங்கும்போது அது உணவைத் தவிர்க்கும், மூலைகளைப் பிறாண்டும். குட்டிகள் பெரும்பாலும் 10 நிமிடம் முதல் ஒரு மணி நேர இடைவெளியில் வரும். நீங்கள் தள்ளி இருப்பதே உதவி. அரை மணி நேரம் பலமாக முக்கியும் குட்டி வராவிட்டால், முதல் குட்டிக்கு முன்னரே பச்சை நிறத் திரவம் வந்தால், அல்லது புதிய இரத்தம் தொடர்ந்து வழிந்தால் உடனே வைத்தியரிடம் போக வேண்டும். ஈன்ற பின் முலை சிவந்து சுட்டுக் கல்லாக இறுகினாலும், தாய் நடுங்கி விறைப்பாக நடந்தாலும் அதே அவசரம்தான்; இரண்டாவது அறிகுறி இரத்தத்தில் கல்சியம் குறைவதால் வருவது, சில மணி நேரத்தில் உயிரை எடுக்கும்.

பிறக்கும்போது குட்டி ஏறத்தாழ 100 கிராம் இருக்கும், நாளுக்கு 10 முதல் 15 கிராம் கூடும். தாய் உண்ணப் போகும் நேரத்தில் சமையலறைத் தராசில் நிறுத்து எழுதி வைத்தால், எந்தக் குட்டி பின்தங்குகிறது என்பது கண்ணுக்குத் தெரிவதற்கு இரண்டு நாள் முன்பே தெரிந்துவிடும்.

ஆறாவது படி: பிறாண்டினால்

கடித்தாலோ பிறாண்டி இரத்தம் வந்தாலோ சவர்க்காரமும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றே அரசாங்க வைத்தியசாலைக்குப் போங்கள். நீர்வெறுப்பு நோய் பூனையாலும் பரவும். தடுப்பூசி அங்கே இலவசம். வீட்டில் கர்ப்பிணி இருந்தால் பூனையின் மலத்தை அவர் சுத்தம் செய்யக் கூடாது.

ஏழாவது படி: கருத்தடை

பூனையின் இனப்பெருக்கம் பகலின் நீளத்தைப் பின்பற்றுவது. கொழும்பில் ஆண்டு முழுவதும் பகல் ஏறத்தாழ 12 மணி நேரமாகவே இருப்பதால், குளிர்நாடுகளில் கிடைக்கும் இடைவெளி இங்கே கிடைப்பதில்லை. பாலூட்டும்போதே மறுபடி சினையாகவும் முடியும். ஆகவே குட்டிகள் நான்கு வாரத்தில் திட உணவைத் தொடத் தொடங்கும்போதே வைத்தியரிடம் நாள் குறியுங்கள். எட்டு வாரமளவில், பால் மறந்த பின், சத்திரசிகிச்சை செய்யலாம். அதுவரை கடுவன் பூனைகள் அதை அணுகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஆரம்பச் சினையிலும் இச்சிகிச்சை செய்ய முடியும், ஆனால் அதில் கருவும் போய்விடும். அதை வைத்தியருடன் பேசி முடிவெடுங்கள். சத்திரசிகிச்சைக்குப் பதிலாகக் கருத்தடை ஊசி போடலாம் என்று யாராவது சொன்னால் நான் மறுப்பேன், ஏனெனில் அந்த ஹோர்மோன்கள் கருப்பையில் சீழையும் முலையில் கட்டியையும் உண்டாக்கக்கூடியவை. கொண்டு போக, மேற்புறம் திறக்கும் பிளாஸ்டிக் கூடு வாங்குங்கள்; உரப்பையில் கட்டிக்கொண்டு முச்சக்கர வண்டியில் ஏறினால் பூனை மூச்சுத் திணறும்.

பிற்சேர்க்கை

முதலில் இந்தப் பதிவில், தாய் வந்து போகிறதா என்று அறிய குட்டிகளைச் சுற்றிக் கோதுமை மாவைத் தூவிக் காலடி பார்க்கச் சொல்லியிருந்தேன். கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு வாசகி, மாவுக்கு எறும்பு மொய்த்துக் குட்டிகளின் கண்ணோரம்வரை ஏறிவிட்டதாக எழுதினார். அவர் சொன்னது சரி. அந்த வரியை நீக்கிவிட்டேன். இப்போது நான் செய்வது, குட்டிகள் இருக்கும் இடத்தின் வாசலுக்குக் குறுக்கே காய்ந்த ஈர்க்குகள் நான்கைச் சாய்த்து வைப்பது. தாய் போனால் அவை விழும். பெட்டியில் எறும்பு ஏறாதிருக்க, பழைய சமையலறை அலுமாரிகளின் கால்களுக்குச் செய்வதைப்போல, செங்கல் ஒவ்வொன்றையும் ஆழமில்லாத தண்ணீர்த் தட்டில் வையுங்கள். நுளம்பு பெருகாதபடி தண்ணீரை நாள்தோறும் மாற்றுங்கள்.