கையொப்பம் கேட்டு வருவதற்கு முன்: மாணவர் இடைநிற்றலைக் குறைக்கும் வழிகள்

படிப்பைப் பாதியில் நிறுத்தும் மாணவர் ஒரு படிவத்தை எடுத்துக்கொண்டு நூலகம், ஆய்வகம், விடுதி, கணக்குப் பிரிவு, துறை அலுவலகம் என்று மேசை மேசையாகச் சென்று ‘நிலுவை ஏதுமில்லை’ என்ற கையொப்பத்தைப் பெறுகிறார். புத்தகம் திரும்பி வந்துவிட்டதா, கட்டணம் பாக்கி இருக்கிறதா என்று ஐவரும் சரிபார்க்கிறார்கள். ஏன் போகிறீர்கள் என்று கேட்பது அவர்களில் எவருடைய வேலையும் அன்று. அந்தப் படிவம் மேசைக்கு வரும்போது பெரும்பாலும் காலம் கடந்துவிட்டது. அவர் வகுப்புக்கு வராததை ஆசிரியரும், அறையிலேயே முடங்கிக் கிடந்ததை விடுதிக் காப்பாளரும், கட்டணத் தவணை தவறியதை எழுத்தரும் வாரக்கணக்கில் அறிந்திருப்பார்கள். ஒருவருக்குத் தெரிந்தது மற்றவருக்குத் தெரியாமல் போனதே சிக்கல். ஆகவே இச்செய்திகள் ஓரிடத்தில் சேரவும், சேர்ந்தவுடன் ஒருவர் பொறுப்பேற்று மாணவரிடம் பேசவும் வழி செய்வதே நிர்வாகத்தின் தலையாய வேலை.

அதற்கு முன் சரியாக எண்ணிப் பார்க்க வேண்டும். ஓர் ஆண்டில் சேர்ந்தவர்களை ஒரே குழுவாகக் கொண்டு, அவர்களில் எத்தனை பேர் இரண்டாம் ஆண்டுக்குப் பதிவு செய்தார்கள் என்பதைத் துறைவாரியாகவும், விடுதியில் தங்குவோர், வீட்டிலிருந்து வருவோர், குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்தோர் என்றும் பிரித்துப் பார்க்க வேண்டும். வேறு கல்லூரிக்கு மாறியவரையும், உடல்நலம் காரணமாக விடுப்பில் இருப்பவரையும், அறவே நிறுத்திவிட்டவரையும் ஒரே கணக்கில் சேர்க்கக் கூடாது. மூவருக்கும் செய்ய வேண்டியது வெவ்வேறு. மொத்த விழுக்காடு ஆண்டறிக்கைக்குப் பயன்படும். எந்த வாரத்தில், எந்தப் பாடத்துக்குப் பிறகு விலகினார்கள் என்ற விவரமே களத்தில் பயன்படும்.

பருவம் தொடங்கிய முதல் ஆறு வாரங்களே மிக முக்கியமானவை. வருகைப்பதிவு, முதல் ஒப்படைப்பு, முதல் உள்மதிப்பீட்டுத் தேர்வு, கட்டணத் தவணை ஆகிய நான்கையும் வாரந்தோறும் ஒரே பட்டியலில் சேர்த்து, இரண்டில் பின்தங்கியவர்களின் பெயர்களைத் தனியே எடுக்க வேண்டும். அமெரிக்காவின் ஜார்ஜியா ஸ்டேட் பல்கலைக்கழகம் 2012 முதல் 800-க்கும் மேற்பட்ட அறிகுறிகளைக் கணினி வழியே கண்காணித்து வருவது இத்துறையில் பரவலாகப் பேசப்படும் முயற்சி. அத்தகைய மென்பொருள் இல்லையே என்று சிறிய கல்லூரி தயங்க வேண்டியதில்லை. ஓர் எக்செல் தாளும், வாரம் அரை மணி நேரம் கூடும் நான்கு பேரும் போதும். குழுவில் கணக்குப் பிரிவிலிருந்தும் விடுதியிலிருந்தும் ஒருவர் கட்டாயம் இருக்க வேண்டும். ஆசிரியர்கள் மட்டும் கூடிப் பேசினால் பேச்சு மதிப்பெண்ணைத் தாண்டாது. பட்டியலிலுள்ள ஒவ்வொரு பெயருக்கும் எதிரே யார் பேசுவார், எந்த நாளுக்குள் பேசுவார் என்று எழுதாமல் கூட்டத்தை முடிக்கக் கூடாது.

எப்படிப் பேசுவது என்பதிலும் கவனம் தேவை. “வருகை குறைந்துவிட்டது, தேர்வு எழுத முடியாது” என்று தொடங்கினால், ஏற்கெனவே ஒதுங்கி நிற்பவர் மேலும் ஒதுங்குவார். “இரண்டு வாரமாக உங்களை வகுப்பில் காணவில்லையே, நலமா? நாளை பதினொரு மணிக்கு என் அறைக்கு வர முடியுமா?” என்று கேட்டால் அவர் வருவதற்கு இடமுண்டு. இடத்தையும் நேரத்தையும் சொல்லிவிட வேண்டும். ‘எப்போது வேண்டுமானாலும் வரலாம்’ என்ற அழைப்பை ஏற்று வருபவர் மிகச் சிலரே. பேச்சின்போது மனநல ஆலோசகரின் உதவி தேவை என்று தெரிந்தால், தொலைபேசி எண்ணைக் கொடுத்து அனுப்பாமல் உடன் நடந்து சென்று அறிமுகப்படுத்த வேண்டும். காவலர், நூலக உதவியாளர், விடுதிப் பணியாளர் ஆகியோருக்கும் அரை நாள் பயிற்சி அளிப்பது நல்லது. தனியாக உட்கார்ந்து அழும் மாணவரை முதலில் பார்ப்பவர்கள் பல நேரம் அவர்களே. தாம் கண்டதை யாரிடம் சொல்வது என்பது மட்டும் அவர்களுக்குத் தெரிந்திருந்தால் போதும்.

ஒவ்வொரு கல்லூரியிலும் மாணவர்கள் கும்பலாகத் தோற்கும் பாடங்கள் இரண்டு மூன்று இருக்கும். அங்கே ‘பின்தங்கியோருக்கான சிறப்பு வகுப்பு’ என்று அறிவித்தால், தேவைப்படுபவர் வெட்கப்பட்டு வரமாட்டார். மிசௌரி பல்கலைக்கழகத்தின் கான்சஸ் நகர வளாகத்தில் டியானா மார்ட்டின் 1973-இல் தொடங்கிய முறை இதற்கு நல்ல மாற்று. கடினமானது மாணவர் அன்று, பாடமே என்பது அதன் அடிப்படை. அப்பாடத்தில் முன்பு நன்றாகத் தேறிய மூத்த மாணவர் ஒருவர் மீண்டும் அவ்வகுப்பில் அமர்ந்து கவனித்து, ஒவ்வொரு வாரமும் விரும்பும் எவரும் வரக்கூடிய கூட்டுப் படிப்பை நடத்துகிறார். முதல் மதிப்பெண் பெறுபவரும் அங்கே வருவதால் எவர் மீதும் முத்திரை விழுவதில்லை.

பணத்தைப் பொறுத்தவரை, முழு உதவித்தொகையைப் பற்றி யோசிக்கும் நிர்வாகங்கள் சிறு பாக்கியால் நேரும் இழப்பைப் பெரும்பாலும் கவனிப்பதில்லை. கடைசி ஆண்டில் சிறு தொகை பாக்கி இருந்ததற்காகப் பெயர் நீக்கப்படுபவர் திரும்பி வராமலே போகலாம். மேற்சொன்ன ஜார்ஜியா ஸ்டேட் 2011-இல் இதற்கெனச் சிறு மானியத் திட்டத்தைத் தொடங்கியது. விண்ணப்பத்துக்காகக் காத்திராமல், தேர்ச்சி பெற்றுவரும் மாணவரின் பாக்கியைப் பல்கலைக்கழகமே கண்டறிந்து அடைப்பதுதான் அதன் சிறப்பு.

உதவிகளைத் தனித்தனியே அளிப்பதைவிடச் சேர்த்து அளிப்பதே பலன் தரும் என்று நான் கருதுகிறேன். நியூயார்க் நகரப் பல்கலைக்கழகம் 2007-இல் தொடங்கிய ஏசாப் என்ற திட்டத்தில் கட்டண உதவி, பாடநூல், பயணச் சீட்டு, பயிற்சி வகுப்பு, தனி ஆலோசகர் ஆகிய அனைத்தும் ஒன்றாகக் கிடைத்தன. முழு நேரமாகப் படிக்க வேண்டும் என்ற நிபந்தனையும் இருந்தது. குலுக்கல் முறையில் இரு குழுக்களாகப் பிரித்துச் செய்த ஆய்வில், மூன்று ஆண்டுகளில் பட்டம் பெற்றவர்கள் திட்டத்தில் இருந்தோரில் 40 விழுக்காடு, இல்லாதோரில் 22 விழுக்காடு. ஓர் ஆலோசகரின் பொறுப்பில் 60 முதல் 80 மாணவர்கள் மட்டுமே இருந்தார்கள் என்பதை நிர்வாகம் குறித்துக்கொள்ள வேண்டும். ஓர் ஆசிரியரிடம் ஐந்நூறு பேரை ஒப்படைத்து ‘வழிகாட்டி’ என்று பெயரிடுவது காகிதத்தில் மட்டுமே நிற்கும்.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. 2016-இல் அமெரிக்காவின் ஒரு சிறிய பல்கலைக்கழகத்தில், புதிய மாணவர்களிடம் எடுத்த கருத்துக்கணிப்பைப் பயன்படுத்தி, விலகக்கூடியவர்களை, இடைநிற்றல் குறைவாகத் தெரியும்படி, ஆண்டின் மாணவர் எண்ணிக்கை கணக்கில் ஏறுவதற்கு முன்பே அனுப்பிவிடத் தலைவர் திட்டமிட்டிருந்தது மாணவர் பத்திரிகை வழியே வெளியானது; சில வாரங்களில் அவர் பதவி விலக நேர்ந்தது. பின்தங்கியவர்களின் பட்டியலை வாரந்தோறும் கூடும் குழுவும், அம்மாணவரிடம் பேசப்போகிறவரும் மட்டுமே பார்க்க வேண்டும். அதைத் தண்டனைக்கோ சேர்க்கை முடிவுக்கோ பயன்படுத்தக் கூடாது என்ற விதியை முதல் நாளிலேயே எழுதிவிட வேண்டும்.

இத்தனைக்குப் பிறகும் சிலர் போகத்தான் செய்வார்கள்; சிலருக்குப் போவதே சரியாகவும் இருக்கும். விலகல் படிவத்தில் ஆறாவதாக ஒரு கையொப்பத்துக்கு இடம் ஒதுக்கி, அதை இடும் ஆலோசகர் அரை மணி நேரம் பேசிய பிறகே இட வேண்டும் என்று வைக்கலாம். திரும்பி வர விரும்பினால் எந்த மாதத்தில், யாரிடம், எந்தச் சான்றுகளுடன் வர வேண்டும் என்பதை அப்படிவத்தின் பின்பக்கத்திலேயே அச்சிட்டுக் கொடுத்து, அடுத்த பருவச் சேர்க்கை தொடங்கும் வாரத்தில் அதே ஆலோசகர் அவரை ஒருமுறை தொலைபேசியில் அழைக்க வேண்டும்.