முதல் சகுராவை ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளிப்போடாதீர்கள்

ஏப்ரலில் வேலையிலோ படிப்பிலோ சேர டோக்கியோ வந்து இறங்குபவர்களுக்கு ஓர் அதிர்ஷ்டம் உண்டு. வார்டு அலுவலகத்தில் முகவரிப் பதிவு, வங்கிக் கணக்கு, சிம் கார்டு என்று அலையும் அதே நாட்களில்தான் தெருவெல்லாம் சகுரா என்கிற செர்ரிப் பூ பூத்திருக்கும். அந்த அலைச்சலிலேயே பலர் முதல் வருடத்தைக் கோட்டை விட்டுவிடுகிறார்கள். நானும் விட்டேன். ஞாயிறன்று சாவகாசமாகப் போகலாம் என்று இருந்தேன். சனி இரவு காற்றும் மழையும் சேர்ந்து அடித்தன. காலையில் போனால் பூவெல்லாம் நடைபாதையில் ஈரத்தோடு ஒட்டிக் கிடந்தது, மரத்தில் சிவந்த காம்புகள்தான் மிச்சம்.

எனவே முதலில் கணக்கைத் தெரிந்துகொள்ளுங்கள். டோக்கியோவில் யாசுகுனி ஆலய வளாகத்தில் ஒரு மாதிரி மரம் இருக்கிறது. வானிலைத் துறை அதிகாரி நேரில் போய் எண்ணிப் பார்த்து, ஐந்தாறு பூ விரிந்திருந்தால் ‘காய்க்கா’ என்று அறிவிப்பார். அதற்குத் தொலைக்காட்சிக் கேமராக்கள் வேறு காத்திருக்கும். எண்பது சதவீதம் விரிந்துவிட்டால் ‘மன்காய்’. (பூவைப் பற்றிப் பேசும்போது ஏன் இவர்கள் காய், மாங்காய் என்கிறார்கள் என்று ஆரம்பத்தில் குழம்பியிருக்கிறேன்.) முதல் பூவிலிருந்து மன்காய்க்குச் சுமார் ஒரு வாரம். அதற்குப் பிறகு ஒரு வாரம் நின்றால் பெரிது. காற்றும் மழையும் வந்தால் அதுவும் இல்லை.

தேதியை நம்பி ஊரிலிருந்து அப்பா அம்மாவுக்கு டிக்கெட் எடுப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். டோக்கியோவில் 2023-இல் மார்ச் 14-ஆம் தேதியே முதல் பூ வந்துவிட்டது. அடுத்த ஆண்டே அது மார்ச் 29-க்குத் தள்ளிப்போனது. மார்ச் கடைசி வாரத்தில் வந்து ஏப்ரல் நடுவில் திரும்புவதுபோல் எடுத்தால் பெரும்பாலும் தப்பாது.

எல்லா மரமும் ஒரே நாளில் சொல்லிவைத்தாற்போல் பூப்பதற்குக் காரணம் எளிது. நகரங்களில் நீங்கள் பார்ப்பது பெரும்பாலும் சோமேய் யோஷினோ என்ற ஒரே ரகம். ஷோகன்கள் எனப்படும் ராணுவத் தலைவர்கள் ஆண்ட எடோ காலத்தில் சோமேய் கிராமத்துத் தோட்டக்காரர்களிடமிருந்து பரவியது. இன்றைய டோக்கியோவின் கோமகோமே பக்கம்தான் அந்தக் கிராமம். விதை போட்டு வளர்த்ததில்லை, நம் ஊர் ஒட்டு மாங்கன்று மாதிரி ஒட்டுக் கட்டியே பெருக்கியது. அதனால் அத்தனையும் ஒரே மரத்தின் நகல்கள். ஒன்று பூத்தால் தெருவே பூக்கும், ஒன்று உதிர்ந்தால் தெருவே உதிரும்.

ஹனமி என்றால் பூப் பார்ப்பது என்றுதான் பொருள். ஆனால் போட்டோ எடுத்துவிட்டுத் திரும்பினால் பாதிதான் பார்த்ததாக ஆகும். மரத்தடியில் விரிப்பு போட்டு, கூட்டமாக உட்கார்ந்து சாப்பிட்டு, வெட்டிக் கதை பேசுவதுதான் ஹனமி. காணும் பொங்கலுக்குக் கட்டுச்சோற்றோடு கிளம்பி வளர்ந்தவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. ‘பூவைவிடக் கொழுக்கட்டை மேல்’ என்ற பொருளில் ஜப்பானியரிடமே ‘ஹனா யோரி டாங்கோ’ என்று ஒரு பழமொழி இருக்கிறது. 812-இல் கியோட்டோவில் சாகா பேரரசர் நடத்திய பூ விருந்துக்கு அரண்மனைக்காரர்கள்தான் போனார்கள். சாதாரண மக்களும் வந்து உட்காரட்டும் என்று டோக்கியோவின் அசுகாயாமா குன்றில் மரம் நட வைத்தவர் எட்டாவது ஷோகன் யோஷிமுனே. அது 1720-களின் வாக்கில். ஓஜி ரயில் நிலையத்தை ஒட்டியே இருக்கும் அந்தக் குன்றில் இன்றும் உட்காரலாம்.

இடம் பிடிப்பதற்கு ‘பாஷோ தோரி’ என்று பெயர். பேருந்து ஜன்னல் வழியாகத் துண்டு போடுகிற அதே கலைதான். துண்டுக்குப் பதில் நீல நிறத் தார்ப்பாய். நூறு யென் கடையிலேயே கிடைக்கும். அலுவலக ஹனமி என்றால் காலையிலேயே போய்க் காவல் இருக்கும் வேலை புதிதாகச் சேர்ந்தவர் தலையில் விழலாம். வெறும் பாயை விரித்துவிட்டு நகரக் கூடாது, பல பூங்காக்களில் எடுத்துவிடுவார்கள். மரத்தின் வேர் மேல் விரிக்காதீர்கள். செருப்பைப் பாய்க்கு வெளியே கழற்ற வேண்டும், ஆகவே அன்றைக்குக் கிழியாத காலுறை அவசியம்.

குடிக்காதவர்கள் தயங்க வேண்டாம். ஊலாங் தேநீரை உயர்த்தி ‘கம்பாய்’ சொன்னால் போதும், யாரும் வற்புறுத்தமாட்டார்கள். ஆனால் கம்பாய்க்கு முன்னால் வாய் வைக்காதீர்கள்.

சைவர்களுக்குத் தள்ளுவண்டிக் கடைகளில் பெரிதாக ஒன்றும் தேறாது. யாகிசோபா என்ற வறுத்த நூடுல்ஸில் பன்றி இறைச்சியும், தூவிய மீன் சீவலும் இருக்கும். இளஞ்சிவப்பு, வெள்ளை, பச்சை என்று குச்சியில் கோத்த மூன்று நிற டாங்கோவும், உப்பில் ஊறிய சகுரா இலை சுற்றிய சகுரா மோச்சியும் பொதுவாக அரிசியும் இனிப்பும்தான். பசிக்கு வீட்டுச் சாப்பாட்டை நம்புங்கள். புளியோதரையே உத்தமம். வெண்பொங்கலைக் கொண்டுபோகாதீர்கள், மாலையில் பத்து டிகிரிக்கு இறங்கினால் நெய் உறைந்து கல்லாகிவிடும். தேங்காயெண்ணெய்த் தாளிதத்துக்கும் அதே கதி, நல்லெண்ணெய் தப்பிக்கும். பூக்காலத்துத் திடீர்க் குளிருக்கு ‘ஹனபியே’ என்று தனிப்பெயரே வைத்திருக்கிறார்கள். கனமான மேல்சட்டையும், கடையில் விற்கும் ‘கைரோ’ சூட்டுப் பொட்டலமும் எடுத்துச் செல்லுங்கள். குப்பைப் பையும்தான். தொட்டி கிடைக்காது, வாழையிலைத் துணுக்கு உட்பட எல்லாம் வீட்டுக்கே திரும்ப வேண்டும்.

எங்கே போவது? உவேனோ பூங்கா திருவிழாக் கூட்டம், சத்தம் பிடிக்கும் என்றால் போங்கள். குழந்தைகளோடு என்றால் ஷின்ஜுகு கியோயென்: பெரியவர்களுக்கு 500 யென் கட்டணம், மது உள்ளே கூடாது, அதனாலேயே அமைதி. சில ஆண்டுகளாக நெரிசலான வார இறுதிகளில் முன்பதிவும் கேட்டிருக்கிறார்கள், பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். மெகுரோ ஆற்றோரம் அழகுதான், ஆனால் உட்கார இடமில்லாமல் தள்ளுமுள்ளில் நகர வேண்டும். நம்மவர்கள் நிறையப் பேர் இருக்கும் நிஷிகசாயிலிருந்து வடக்கே நடந்தால் ஷின்காவா கரை வரும். அலுவலகம் முடிந்து அரை மணி நேரம் அங்கே போய்வருவது, எனக்குப் பேர் பெற்ற இடங்களைவிடப் பிடிக்கும்.

தவறவிட்டால் வடக்கே துரத்திப் போகலாம். அவோமோரியின் ஹிரோசாகி கோட்டையில் ஏப்ரல் பின்பாதியில் பூக்கும், உதிர்ந்த இதழ்கள் அகழி நீரை மூடி மிதக்கும்.

கண் அரித்துத் தும்மல் வந்தால் சகுராவைத் திட்டாதீர்கள். அந்நேரத்தில் பறக்கும் சுகி, ஹினோகி மரங்களின் மகரந்தம்தான் குற்றவாளி. மல்லிகைக்குப் பழகிய மூக்குக்குச் சகுராவில் வாசனையே இல்லை என்றுதான் தோன்றும்.

கடைசியாக ஒன்று, தலையில் பூ வைத்துப் பழகியவர்களுக்கு: கிளையை வளைக்கவோ பறிக்கவோ கூடாது, வெட்டுப்பட்ட இடம் அழுகிவிடும் மரம் இது. ஆனால் தேனுக்காகச் சிட்டுக்குருவிகள் பூவை அடியோடு கடித்துக் கீழே போடும். மரத்தடியில் குனிந்து பார்த்தால் இதழ் கலையாத முழுப் பூக்கள் கிடக்கும். அதை எடுத்து வைத்துக்கொண்டால் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள்.