சிற்றூருக்கு ஒரு மாத நோட்டீஸ்: நிகழ்ச்சிகளையும் கடைச் செய்திகளையும் திரட்டி வெளியிடும் முறை

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகருக்கு வடக்கே ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில், கரும்புத் தோட்டங்களுக்கு நடுவே அமைந்த டொங்காட் போன்ற ஊரில், கோயில் திருவிழா எந்த நாள், புதிய மருந்துக்கடை எந்தத் தெருவில், தமிழ்ப் பள்ளியில் சேர்க்கை எந்த வாரம் என்பதெல்லாம் யாரோ ஒருவருக்குத் தெரிந்தே இருக்கும். தெரிய வேண்டியவருக்குத்தான் நாள் கடந்த பிறகு தெரியவரும். இந்தக் குறையைத் தீர்க்க ஒரு தாளின் இரு பக்கமும் அச்சிட்ட மாத நோட்டீஸ் ஒன்று போதும். அதைத் தயாரிக்க முன்வரும் இரண்டு மூன்று பேருக்காக இந்த வழிமுறையை எழுதுகிறேன். ஊரார் அந்தத் தாளை நம்பித்தான் பேருந்து ஏறுவார்கள், கடைக்குப் போவார்கள், விரதம் தொடங்குவார்கள். ஆகவே பொறுப்பான ஒருவரிடம் கேட்டு உறுதி செய்யாத வரி எதுவும் அதில் இடம்பெறக் கூடாது. பின்வருவன அனைத்தும் இந்த ஒரு விதியிலிருந்து பிறந்தவையே.

முதலில் ஆண்டு முழுவதற்குமான ஒரு சட்டகத்தைத் தயாரித்துக் கொள்ளுங்கள். தை மாதக் காவடி, சித்திரைக் காவடி, ஆடியில் மாரியம்மனுக்குக் கூழ் வார்த்தல், புரட்டாசி விரதம், தீபாவளி ஆகியவை எல்லோருக்கும் நினைவில் இருக்கும். புனித வெள்ளியை ஒட்டி நடைபெறும் மாரியம்மன் திருவிழாவைத் தனியே குறித்து வையுங்கள். தோட்டத்தில் உழைத்த நம் முன்னோருக்குத் தொடர்ச்சியாக விடுமுறை கிடைத்த நாட்கள் அவை என்பதால் மவுண்ட் எட்ஜ்கோம்ப், இசிபிங்கோ முதலிய இடங்களில் அந்த நாட்களே திருவிழா நாட்களாக நிலைத்துவிட்டன. அந்த விழா பஞ்சாங்கத்தைப் பின்பற்றாமல் ஈஸ்டரைப் பின்பற்றி நகர்வதால், இந்தியாவில் அச்சான நாட்காட்டியில் அதைத் தேடிப் பயனில்லை. பொது விடுமுறையாகிய செப்டம்பர் 24, மரபுரிமை நாள், எப்போதும் புரட்டாசிக்குள் வரும் என்பதையும், 1860இல் ட்ரூரோ கப்பல் சென்னையிலிருந்து முதல் ஒப்பந்தத் தொழிலாளர்களைக் கொண்டுவந்து சேர்த்த நவம்பர் 16ஆம் நாளைப் பல ஊர்களில் நினைவுகூர்கிறார்கள் என்பதையும் சேர்த்துக் குறித்துக் கொள்ளுங்கள்.

நாள் குறிப்பதில் மிகுதியான தவறுகள் பஞ்சாங்கத்தை அப்படியே பெயர்த்து எழுதுவதால் வருகின்றன. தென்னாப்பிரிக்க நேரம் இந்திய நேரத்துக்கு மூன்றரை மணி நேரம் பின்தங்கியது. பௌர்ணமித் திதி இந்தியாவில் ஞாயிற்றுக்கிழமை அதிகாலை 2 மணிக்குத் தொடங்குவதாக அச்சிட்டிருந்தால், இங்கே அது சனிக்கிழமை இரவு 10.30க்கே தொடங்கிவிடும், விரதம் இருப்பவர்களுக்கு அது ஒரு நாள் வித்தியாசமாகக்கூட முடியலாம். இராகு காலத்தை அப்படி வெறுமனே கழித்தும் பெற முடியாது. பகற்பொழுதை எட்டாகப் பகுத்து வரும் கணக்கு அது. டர்பன் பகுதியில் டிசம்பரில் பகல் ஏறத்தாழ 14 மணி நேரம், ஜூனில் ஏறத்தாழ 10 மணி நேரம் என்பதால், ஒரு பங்கு கோடையில் 105 நிமிடமாகவும் குளிர்காலத்தில் 75 நிமிடமாகவும் இருக்கும். எந்தப் பருவத்திலும் ஒன்றரை மணி நேரம் என்று எழுதிவைத்த அட்டவணை இங்கே பொருந்தாது. இந்தக் கணக்கைத் தெரிந்த குருக்கள் ஒருவரிடம் மாதந்தோறும் காட்டி ஒப்புதல் பெறுவது நல்லது. ஒரே விழாவை இரண்டு கோயில்கள் இரண்டு நாட்களில் கொண்டாடினால் எது சரி என்று நோட்டீஸ் தீர்ப்புச் சொல்ல வேண்டாம்; அவரவர் கோயில் பெயரோடு இரண்டு நாளையும் போட்டுவிடுங்கள்.

ஒரு நிகழ்ச்சிக் குறிப்பில் என்னென்ன இருக்க வேண்டும் என்பதை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குகிறேன். கோயில்களிலிருந்து பெரும்பாலும் இப்படித்தான் செய்தி வரும்: "வரும் ஞாயிறு அம்மனுக்குக் கூழ் வார்க்கப்படும், அனைவரும் வருக." எழுதியவருக்கு எல்லாம் தெரியும், படிப்பவருக்கு ஒன்றும் தெரியாது. அதை இப்படி மாற்றி எழுதுங்கள்: "ஜூலை 19, ஞாயிற்றுக்கிழமை. காலை 7 மணிக்கு அபிடேகம், 10 மணிக்குக் கூழ் வார்த்தல், 12 மணிக்கு அன்னதானம். கூழுக்கு மாவும் மோரும் தர விரும்புவோர் சனிக்கிழமை மாலை 5 மணிக்குள் கோயில் மடைப்பள்ளியில் சேர்க்கலாம். வாகனங்களைப் பள்ளி மைதானத்தில் நிறுத்தலாம். சக்கர நாற்காலிக்குப் பின்வாசலில் சாய்தளம் உண்டு." தேதியோடு கிழமையையும் எழுதுவதில் ஒரு பயன் இருக்கிறது: இரண்டும் பொருந்தாவிட்டால் பிழை உடனே கண்ணில் படும். "வரும்", "அடுத்த", "நாளை மறுநாள்" போன்ற சொற்களை முழுவதும் விலக்கிவிடுங்கள். வாட்ஸ்அப்பில் அந்தப் படம் மூன்று வாரம் கழித்தும் சுற்றிக்கொண்டிருக்கும். அதே காரணத்தால் ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் மாதத்தையும் ஆண்டையும் பெரிய எழுத்தில் போட வேண்டும்.

செய்தி திரட்டும் வேலையை மாதத்தின் 10ஆம் நாள் தொடங்கி 20ஆம் நாள் முடித்து, 25ஆம் நாளுக்குள் அச்சுக்குக் கொடுப்பது வசதியானது. முதியோர் உதவித்தொகை மாதத்தின் முதல் வாரத்தில் வருகிறது. சம்பளம் பெரும்பாலோருக்கு மாத இறுதியில் வருகிறது. கடைகளின் சலுகை விலைகளும் அந்த நாட்களில்தான் அமைகின்றன என்பதால் அதற்கு முன்பே தாள் கையில் இருக்க வேண்டும். நிதி திரட்டும் பிரியாணி விற்பனையை மாத நடுவில் வைக்க எண்ணும் சங்கத்தினரிடம் இதைத் தயங்காமல் எடுத்துச் சொல்லுங்கள்.

கடை, தொழில் செய்திகளில் இன்னும் கூடுதல் கவனம் வேண்டும். ஒரு கடை திறக்கிறது என்றால் எங்கே, என்ன விற்கிறது, எந்த நேரம், அட்டையால் பணம் செலுத்தலாமா என்ற நான்கும் போதும். உணவு விற்கும் இடமாக இருந்தால், 2018இல் வந்த ஆர்638 விதிகளின்படி நகராட்சி வழங்கும் தகுதிச் சான்று இருக்கிறதா என்று கேட்டு, இருந்தால் மட்டுமே செய்தியாகப் போடுங்கள். 2024 நவம்பரில், ஸ்பாசா எனப்படும் சிறு தெருக்கடைகள் அனைத்தும் பதிவு செய்ய வேண்டும் என்று குடியரசுத் தலைவர் உத்தரவிடும் நிலை ஏன் வந்தது என்பதை, நஞ்சான உணவால் குழந்தைகளை இழந்த குடும்பங்களை நினைத்துப் பார்ப்போர் அறிவார்கள். புரட்டாசியில் சைவ உணவு தருவதாகச் சொல்லும் உணவகத்திடம் சமையல் பாத்திரமும் எண்ணெயும் தனியாக உண்டா என்று கேட்டு, அவர்கள் சொன்னதை அவர்கள் பெயராலேயே எழுதுங்கள். நோட்டீஸ் தன் பெயரில் உறுதி கூற வேண்டாம்.

பணம் வாங்கிப் போடும் எதையும் கட்டத்துக்குள் அடைத்து, மேலே "விளம்பரம்" என்று எழுத வேண்டும். சலுகை விலையாக இருந்தால் எந்தத் தேதிவரை என்பதும் அதற்குள்ளேயே இருக்க வேண்டும். அச்சுச் செலவைத் தாங்கும் கடைக்காரர் ஒருவர் தம் போட்டிக் கடையைப் பற்றிய செய்தியை விடச் சொன்னால் மறுத்துவிடுங்கள். ஒரு முறை இசைந்துவிட்டால் அந்தத் தாளை ஊரார் வேறு கண்ணோடு பார்க்கத் தொடங்கிவிடுவார்கள்.

கடை மூடப்படுகிறது, ஆலை நிற்கப்போகிறது என்பன போன்ற செய்திகள் காற்றைவிட வேகமாகப் பரவும். டொங்காட்டில் மெய்ட்ஸ்டோன் சர்க்கரை ஆலையைப் பற்றிய ஒவ்வொரு பேச்சும் கரும்பு பயிரிடுவோர், லாரி ஓட்டுவோர், அவர்களுக்குக் கடன் கொடுத்த மளிகைக்காரர் ஆகிய அனைவரையும் கலங்கவைக்கும். 2022 அக்டோபரில் அந்த ஆலையை நடத்திய டொங்காட் ஹியூலெட் நிறுவனம், கடனில் சிக்கிய நிறுவனங்களுக்கான வணிக மீட்பு நடைமுறைக்குள் சென்றது முதல் இந்தக் கலக்கம் ஓயவில்லை. இத்தகைய செய்தியில் நிறுவனமோ நிர்வாகிகளோ எழுத்து வடிவில், தேதியிட்டு வெளியிட்டதை மட்டும், அந்தத் தேதியையும் சேர்த்துப் போடுங்கள். சிறு கடைகளின் மூடலை உரிமையாளரே சொல்லியிருக்க வேண்டும். வாடகைக்காரரோ பக்கத்துக் கடைக்காரரோ சொன்னது போதாது.

இடர்க் காலத்துக்கென்று ஒரு வடிவத்தை முன்கூட்டியே தயாராக வைத்திருங்கள். 2021 ஜூலைக் கலவரத்தின்போது எந்தக் கடையில் ரொட்டியும் பாலும் கிடைக்கும் என்பதே ஊரின் பெரிய செய்தியாக இருந்தது. 2022 ஏப்ரல் வெள்ளத்தில் நீர் சுத்திகரிப்பு நிலையம் சேதமடைந்து டொங்காட் மாதக்கணக்கில் குழாய் நீரின்றித் தவித்தது. தண்ணீர் லாரி எந்தத் தெருவுக்கு எப்போது வரும் என்று தெரியாமல் வயதானவர்கள் வாளிகளோடு காத்து நின்றார்கள். தெருப் பெயர், நேரம், உறுதி செய்தவர், உறுதி செய்த மணி என்ற நான்கு பத்திகள் கொண்ட வெற்று அட்டவணை ஒன்று கையில் இருந்தால், அப்படிப்பட்ட நாளில் அரை மணி நேரத்தில் நிரப்பி அனுப்பலாம். உறுதி செய்த மணியை விட்டுவிடாதீர்கள். காலை எட்டு மணிக்கு உண்மையாயிருந்தது நண்பகலில் மாறியிருக்கும்.

மரண அறிவிப்புகளை நம் மக்கள் முதலில் படிக்கிறார்கள் என்பதால் அவற்றுக்கு முன்பக்கத்தில் இடம் கொடுங்கள். குடும்பத்தில் பொறுப்பேற்ற ஒருவர் ஒப்புதல் தந்த பிறகே போட வேண்டும். பெயர், தகனம் நடைபெறும் இடமும் நேரமும், பதினாறாம் நாள் சடங்கு ஆகியவை போதும். வீட்டு முகவரியைப் போடாதீர்கள்: தகன நேரத்தில் வீடு ஆளின்றி இருக்கும் என்பதை அது திருடர்களுக்கு அறிவிப்பதாகிவிடும். மற்றச் செய்திகளிலும் தனிநபரின் தொலைபேசி எண்ணைப் போடுவதற்கு அவருடைய ஒப்புதலை எழுத்தில் பெற்று வையுங்கள். தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் 2021 ஜூலை 1 முதல் முழுமையாக நடைமுறையில் இருக்கிறது.

இனி மொழி. இளையோர் பலருக்குத் தமிழ் படிக்க வராது என்பதால் ஆங்கிலப் பக்கம் தவிர்க்க முடியாதது. ஆனாலும் ஒரு பக்கம் முழுவதும் தமிழில் இருக்க வேண்டும் என்பதில் உறுதியாயிருங்கள். பாட்டிமார் படிக்கவும், சனிக்கிழமைத் தமிழ் வகுப்புப் பிள்ளைகள் எழுத்துக்கூட்டிப் பழகவும் ஊரில் அன்றாடப் பயனுள்ள வேறு அச்சுத் தமிழ் இல்லை. 1903இல் டர்பனில் தொடங்கிய இந்தியன் ஒப்பீனியன் இதழ் நான்கு மொழிகளில் வெளிவந்தது. மூன்றே ஆண்டுகளில், 1906இல், அதன் தமிழ்ப் பகுதி நின்றது. மீண்டும் 1908இல் பி. எஸ். ஐயர் ஆப்பிரிக்கன் கிரானிக்கிள் இதழைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் தொடங்க வேண்டியிருந்தது. தமிழ்ப் பக்கத்தை ஒருவர் மட்டும் சுமந்தால் அவர் நோயுற்ற மாதம் பக்கமும் நின்றுவிடும். தொடக்கத்திலேயே இன்னொருவரைத் தட்டச்சுக்குப் பழக்கி, மாதம் மாறி மாதம் பொறுப்பை மாற்றிக் கொள்ளுங்கள். இதை மிக முக்கியமான ஏற்பாடாக நான் கருதுகிறேன்.

தமிழை யூனிகோடில் தட்டச்சு செய்து, எழுத்துருவை உள்ளடக்கிய பிடிஎஃப் கோப்பாகவே அச்சகத்துக்குக் கொடுக்க வேண்டும். எழுத்துக் கோப்பாகக் கொடுத்தால், தமிழ் அறியாத அச்சகத்தார் கணினியில் கொம்பும் காலும் இடம் மாறி, "கோயில்" என்பதில் இரட்டைக்கொம்பு ககரத்துக்குப் பின்னால் போய் நிற்கும், புள்ளிகள் உதிர்ந்துவிடும். அங்கிருப்பவர்களுக்கு அது பிழையாகவே தெரியாது என்பதால், முதல் பிரதியை உங்களில் ஒருவர் நேரில் சென்று பார்த்த பிறகே மற்றப் பிரதிகளை ஓட்டச் சொல்லுங்கள். எழுத்தின் அளவு 14 புள்ளிக்குக் குறைய வேண்டாம்.

வெளியான பின் பிழை தெரிந்தால் அன்றே வாட்ஸ்அப்பில் திருத்தத்தை அனுப்பி, அடுத்த இதழில் அதே செய்தி இருந்த இடத்தில் திருத்தத்தையும் போடுங்கள். தாள்களைக் கோயில் வாசல், மருந்துக்கடை மேசை, தமிழ்ப் பள்ளி, முதியோர் கூடும் மண்டபம் ஆகிய இடங்களில் வைக்கலாம். எங்கே எத்தனை மிஞ்சுகின்றன என்று பார்த்து அடுத்த மாத எண்ணிக்கையைக் கூட்டியும் குறைத்தும் கொள்ளுங்கள். ஒவ்வொரு இதழிலும் மூன்று பிரதிகளை எடுத்துவைத்து, ஒன்றைக் கோயில் அலுவலகக் கோப்பிலும், ஒன்றைத் தமிழ்ப் பள்ளியிலும் சேர்த்து, மூன்றாவதை ஆண்டு முடிவில் பன்னிரண்டாகக் கட்டி, டர்பனில் உள்ள 1860 மரபுரிமை மையத்திடமோ வெஸ்ட்வில் பல்கலைக்கழக வளாகத்தில் இயங்கும் காந்தி-லுத்துலி ஆவண மையத்திடமோ ஏற்றுக்கொள்ள இயலுமா என்று கேட்டு எழுதுங்கள்.