முட்டை வீங்கியது சரி, ஏன் வீங்கியது?

மெல்லிய சவ்வின் வழியே தண்ணீர் நகர்வதுதான் சவ்வூடு பரவல். அதைக் காட்ட முட்டையைவிட வசதியான பொருள் கிடையாது. ஒரு முட்டை, ஒரு பாட்டில் வினிகர், கொஞ்சம் சர்க்கரை, மூன்று நான்கு நாள் பொறுமை, அவ்வளவுதான். முதலில் வினிகரில் ஓட்டைக் கரைத்து, பிறகு முட்டையைச் சர்க்கரைப் பாகிலும், அடுத்து நல்ல தண்ணீரிலும் ஊறவைக்க வேண்டும். சோதனை பெரும்பாலும் தோற்பதில்லை, விளக்கம்தான் தோற்கிறது. "வினிகர் சவ்வூடு பரவல் மூலம் முட்டை ஓட்டைக் கரைத்துவிட்டது" என்று அறிவியல் கண்காட்சி மேசைக்குப் பின்னால் நின்று பிள்ளைகள் மனப்பாடமாக ஒப்பிப்பதைப் பலமுறை கேட்டிருக்கிறேன்.

ஓடு கரைவது வெறும் வேதிவினை. ஓட்டில் பெரும்பகுதி கால்சியம் கார்பனேட். அதை வினிகரில் உள்ள அசிட்டிக் அமிலம் கரைக்கும்போது கார்பன் டைஆக்சைடு வெளியேறுகிறது. முட்டையைச் சுற்றி மொய்க்கும் குமிழிகள் அதுதான். அதனால் பாட்டிலை இறுக மூடாதீர்கள், மேலே ஒரு தட்டு போதும். ஒரு நாள் கழித்து வினிகரை மாற்றுங்கள். மிச்ச ஓட்டை நகத்தால் சுரண்டாமல், குழாயடியில் விரல் நுனியால் மெல்லத் தேய்த்தாலே வெள்ளை மாவு போலக் கழன்று வரும். சீக்கிரம் முடியட்டும் என்று கழிவறை கழுவும் ஆசிட் பக்கம் மட்டும் போகவே வேண்டாம்.

அடுத்தது எடை. இதில் நானே ஏமாந்திருக்கிறேன். முதல்முறை செய்தபோது ஓட்டோடு ஒரு எடை, கடைசியில் ஒரு எடை என்று இரண்டே எண்களைக் குறித்து வைத்திருந்தேன். ஓடு போனதால் எவ்வளவு குறைந்தது, தண்ணீர் புகுந்ததால் எவ்வளவு கூடியது என்று ஒரு மாணவி கேட்டாள். பதில் இல்லை. முட்டை எடையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு ஓடு. அது போன பிறகும் வினிகரிலிருந்து எடுத்த முட்டை முன்பைவிடப் பெரிதாகத்தான் இருக்கும். ஏனென்றால் கடை வினிகரில் அமிலம் 4, 5 சதவீதம்தான், மீதி தண்ணீர். அதாவது சவ்வூடு பரவல் வினிகருக்குள்ளேயே தொடங்கிவிட்டது! ஆகவே ஓடு நீங்கியதும் ஒரு எடை, பாகிலிருந்து எடுத்ததும் ஒரு எடை, தண்ணீரிலிருந்து எடுத்ததும் ஒரு எடை. ஒவ்வொரு முறையும் ஈரத்தைத் துணியால் ஒற்றி எடுத்த பிறகே தராசில் வையுங்கள். தராசு இல்லையா? முட்டையின் இடுப்பைச் சுற்றி நூல் கட்டி அளந்தாலும் மாற்றம் தெரியும்.

பாகு விஷயத்தில் இரண்டு தவறுகள் அடிக்கடி நடக்கும். ஒன்று, சூடாக ஊற்றுவது. வெள்ளைக்கரு வெந்துவிடும், கதை முடிந்தது. நன்றாக ஆறட்டும். இன்னொன்று, சர்க்கரைத் தண்ணீராக வைப்பது. குலாப் ஜாமூனுக்கு வைப்பது போல விரலில் பிசுபிசுவென்று ஒட்ட வேண்டும். முட்டை அதில் மிதக்கும், அவ்வப்போது புரட்டிவிடுங்கள். ஒரு நாளில் துவண்டு, பாதி காற்று இறங்கிய பந்து போல ஆகிவிடும். பாகுக்குப் பதில் உப்புக் கரைசல் வைத்தால் இவ்வளவு சுருங்காது, உப்பின் சிறிய அயனிகள் அந்தச் சவ்வுக்குள் எளிதாகப் புகுந்துவிடும்.

சவ்வு என்றதும் ஞாபகம் வருகிறது. ஓட்டுக்கு உட்புறம் இருப்பதைப் பலர் செல் சவ்வு என்று படத்தில் குறிக்கிறார்கள். அது ஓட்டுச் சவ்வு, புரத இழைகளால் ஆன இரண்டு அடுக்கு. சவ்வூடு பரவலுக்கு உயிருள்ள செல் வேண்டும் என்றும் இல்லை. 1748-இல் பிரான்ஸின் அறிவியலாளர் நொலே இதைக் கண்டது சாராயம் நிரம்பிய பாத்திரத்தின் வாயில் கட்டிய பன்றியின் சிறுநீர்ப்பையில். தண்ணீருக்குள் வைத்ததும் அது உப்பி எழுந்தது.

"செறிவு குறைந்த இடத்திலிருந்து அதிகமான இடத்துக்கு" என்று சவ்வூடு பரவலை விளக்கும் வாக்கியமும் குழப்புகிறது. எதன் செறிவு? கரைபொருளின், அதாவது தண்ணீரில் கரைந்திருக்கும் சர்க்கரை போன்ற பொருளின் செறிவு. நகர்வது எது? தண்ணீர். இந்த இரண்டையும் சொல்லாமல் விட்டால், பாகிலிருந்து சர்க்கரை முட்டைக்குள் போனது என்றே பிள்ளைகள் எழுதுவார்கள். பாகில் சர்க்கரை மிக அதிகம், அதனால் முட்டைக்குள் இருந்த தண்ணீர் வெளியே வந்தது, முட்டை சுருங்கியது. நல்ல தண்ணீரில் போட்டால் எதிர்த்திசை. முட்டையின் புரதங்கள் பெரியவை, சவ்வைத் தாண்டி வெளியே வரமுடியாது, தண்ணீர்தான் உள்ளே போகவேண்டும்.

வேகவைத்த முட்டை வேண்டாம், பச்சை முட்டைதான் சரி. ஆனால் அதில் சால்மொனெல்லா என்ற கிருமி இருக்கலாம், தொட்டவர்கள் சோப்பு போட்டுக் கை கழுவட்டும். அப்புறம், ஒரு நாள் தண்ணீரில் ஊறிய முட்டையைக் கடைசியில் ஒரு குண்டூசியால் குத்திக் காட்டுங்கள். உள்ளே ஏறிய அழுத்தத்தில் மெல்லிய நீரூற்றாகப் பீய்ச்சும். ஆழமான கிண்ணத்துக்குள் வைத்துக் குத்துங்கள், முன்வரிசைப் பிள்ளைகளின் சட்டை தப்பும்.